தகடு மாறிய வண்டி

வண்டியின் ஒரு பக்கத்துப் பானட்டைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்தபடி நின்றார் ஜெபராஜ். மறுபக்கம் அவருடைய அக்கா லீலா, கையில் தட்டோடு. தட்டில் மூன்று சாயா. யாரும் எடுக்கவில்லை.

நான் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு என்ஜினுக்குப் பின்னால் தலையை நுழைத்திருந்தேன்.

கொட்டகை முழுக்க ரப்பர் ஷீட்டின் வாடை. குழித்துறைப் பக்கம் பிறந்தவர்களுக்கு அது வாடையாகவே தெரியாது. கடற்கரையில் பிறந்த எனக்கு முதல் ஐந்து நிமிடம் குமட்டும். அப்புறம் மூக்கு பழகிவிடும். தலைக்கு மேலே கயிற்றில் ஷீட்டுகள் தொங்கின. அவற்றுக்கு அடியில், செங்கல் முட்டுக் கொடுத்து நின்றது அந்தப் பெரிய வண்டி.

இங்கிலாந்தில் செய்த வண்டி. என் அப்பா பிறப்பதற்கு முன்னால் கப்பலில் வந்தது. கம்பெனி பெயரை எழுத மாட்டேன். எழுதினால் நாளைக் காலையிலேயே அந்த வீட்டு வாசலில் நாலு பேர் நிற்பார்கள். எல்லாரும் நல்லவர்களாக இருக்க மாட்டார்கள்.

பழைய வண்டிகளின் பானட் முன்னாலிருந்து திறக்காது. நடுவில் ஒரு கீல், இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி மடிந்து தூக்கும். என்ஜினுக்கும் டிரைவர் காலுக்கும் நடுவே ஒரு தகரச் சுவர். அந்தச் சுவரில்தான் வண்டியின் எண் பொறித்த தகட்டை அடித்திருப்பார்கள். மனிதருக்குப் பெயர் எப்படியோ, வண்டிக்கு அந்தத் தகடு.

தகடு இருந்தது. பித்தளைதான். எழுத்துகள் எல்லாம் ஒரே ஆழத்தில், ஒரே நேராக, பள்ளிக்கூட ஆண்டுவிழாக் கேடயத்தில் இருப்பது போல. நான்கு மூலையிலும் பாப் ரிவெட். அடுக்களை அலமாரிக்கும் அலுமினியக் கதவுக்கும் இப்போது அடிக்கிறார்களே, அதே ரிவெட்.

தகட்டைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. சுவர் முழுக்கப் புகையும் எண்ணெயும் ஏறிக் கறுத்திருக்க, அந்தக் கோடு மட்டும் நல்ல பச்சை. ஆலையில் அடித்த சாயம், வெளிச்சமே படாத பச்சை. அங்கே இதைவிடக் கொஞ்சம் பெரிய தகடு வெகுகாலம் இருந்திருக்கிறது. விரலால் தொட்டேன். தூசி ஒட்டவில்லை.

டார்ச்சை வாயிலிருந்து எடுத்தேன்.

"இந்தத் தகடு இந்த வண்டிக்குள்ளது இல்ல. பழையத யாரோ கழற்றி எடுத்துட்டு இத அடிச்சிருக்காங்க. செஞ்சு ரொம்ப நாள் ஆகல."

ஜெபராஜ் அக்காவைப் பார்த்தார். அக்கா ஜெபராஜைப் பார்த்தார்.

அந்த இரண்டு பார்வைகளுக்கு இடையில்தான் நான் அடுத்த சில வாரங்கள் மாட்டிக்கொண்டேன்.

சந்தேகம் சோறு போட்ட தொழில்

இந்தத் தொடரை இடையில் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் இன்சூரன்ஸ் சர்வேயர். விபத்தில் சிக்கிய வண்டியைப் போய்ப் பார்த்து, நடந்தது விபத்துதானா, நஷ்டம் எவ்வளவு என்று எழுதித் தருகிற வேலை. இந்த மாவட்டத்தில் நான் அந்த வேலைக்கு வந்தபோது வேறு பெண் கிடையாது. ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். ஸ்பானர் கீழே விழுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

ஊர் மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்துக் கடற்கரை. அப்பா கடலுக்குப் போகிறவர். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் யார் சொன்னதையும் நம்ப மாட்டார். தம்பி பிடித்து வந்த மீனாக இருந்தாலும் செவுளைப் பார்ப்பார். அதே பழக்கம் எனக்கு வண்டிகளில் வந்தது.

ஒருமுறை தக்கலைப் பக்கம் ஒரு வேன் எரிந்து கிடந்தது. உரிமையாளர் தரையில் புரண்டு அழுதார். குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு வண்டியின் அடியில் எட்டிப் பார்த்தேன். ஸ்டெப்னி இல்லை. அது எரிந்திருந்தால் கம்பியாவது மிஞ்சும். கம்பியும் இல்லை. தீப்பிடிக்கப் போவது தெரிந்து, நல்ல டயர் வீணாகப் போகக்கூடாது என்று யாரோ முன்கூட்டியே கழற்றி வைத்திருக்கிறார்கள். அழுகை அந்தக் கணமே நின்றது.

ஓய்வு பெற்ற பிறகு எரிந்த வண்டிகள் போய், பழைய வண்டிகள் வந்தன. பணக்காரர்கள் இப்போது நிலம் வாங்குவது போலப் பழைய கார் வாங்குகிறார்கள். வாங்கும் முன் அசல்தானா என்று பார்க்க ஆள் தேவைப்படுகிறது. பொய்யைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவள் என்று யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கே போயின அந்த வண்டிகள்

இந்தத் தென்கோடியில் இத்தனை பெரிய வண்டிகள் எப்படி வந்தன என்று கேட்பவர்கள் உண்டு. மலையில் ரப்பரும் தேயிலையும் போட்ட வெள்ளைக்காரர்கள் கொண்டு வந்தார்கள். அவர்களைப் பார்த்துச் சில டாக்டர்களும் கொப்பரை வியாபாரிகளும் வாங்கினார்கள். வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போனபோது விற்றதும் உண்டு, சும்மா கொடுத்துவிட்டுப் போனதும் உண்டு.

அதற்குப் பிறகு என்ன ஆயின என்று தேடிப் போனால் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். ஒன்றின் மேல்பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு லாரியாக்கி வாழைக்குலை ஏற்றியிருக்கிறார்கள். ஒன்று கடற்கரைச் சர்ச் பங்கு ஒன்றில் சவ வண்டியாகக் கடைசிவரை ஓடியது. சிலுவைக்குக் கீழே அந்த வெள்ளி மூக்கு மட்டும் பளபளத்துக்கொண்டே போகும். இன்னொன்றின் பின்சீட்டை ஒரு சலூன் கடையில் பார்த்தேன். தோல் கிழியாமல் இருந்தது. முடிவெட்டக் காத்திருந்தவர்கள் அதில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

நம் பக்கம் பழைய வண்டி தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் கோழிக்கூடு. கதவு நன்றாக மூடும் பொருளைக் கோழிக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இப்படித் தேடித் தேடி, மாவட்டத்தில் முழு உருவத்தோடு மிச்சமிருப்பவை எவை, யார் வீட்டில் என்று எனக்கு மனப்பாடம். மொத்தம் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். குழித்துறை வண்டியைப் பற்றி மட்டும் கேள்விப்பட்டிருந்தேனே தவிரப் பார்த்ததில்லை. லீலாவின் அப்பா டாக்டர். எஸ்டேட் துரை ஒருவர் கப்பலேறும் முன் அவருக்குக் கொடுத்த வண்டி. அப்பா போன பின் அக்காவும் தம்பியும் அதை லேசில் யாருக்கும் காட்டவில்லை.

அதனால்தான், கோயம்புத்தூரிலிருந்து விவேக் என்று ஒருவர் போன் செய்து அந்த வண்டியைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்றபோது, லீலாவிடம் போனில் சம்மதம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

"நான் அந்தப் பக்கமே வந்ததில்லைங்க மேடம். நானோ எங்க முதலாளியோ போட்டோகூடப் பார்க்கல. அசலா, டூப்பான்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க போதும்," என்றார் விவேக். மரியாதையான குரல். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு மேடம்.

யார் எடுத்தது

கொட்டகைக்குத் திரும்புவோம்.

சாயாத் தட்டைக் கீழே வைத்தார் லீலா. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் சத்தமில்லாமல் வைக்கிற கை. அன்றைக்குத் தட்டு சத்தம் போட்டது.

"ஸ்டெல்லா, அந்தத் தகடு மட்டும் தனியா வெலைக்குப் போவுமா?"

என்னிடம் கேட்டார். கண் தம்பி மேல் இருந்தது.

போகும். அசல் தகட்டை வைத்துக்கொண்டு ஒரு போலி வண்டியையே அசலாக்கிவிடலாம். வாங்க ஆள் இருக்கிறார்கள். கேட்டதற்குப் பதில் சொல்வது என் வேலை. "போகும்," என்றேன்.

"கேட்டியாலே?"

ஜெபராஜ் பானட்டை இறக்கினார். சவுதியில் வெகுகாலம் கிரேன் ஓட்டியவர், தோள் அகலமானவர். மனைவி இன்னும் அங்கே ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறார். இவர் மட்டும் வந்து வீட்டின் தெற்குப் பாதியில் இருந்தார். வடக்குப் பாதி அக்காவுக்கு. அக்காவின் கல்யாணமாகிப் போன மகள் அவ்வப்போது வருவாள்.

"எனக்கிட்ட எதுக்குக் கேக்கிய? கொட்டகைச் சாவி ஒனக்க முடிச்சுலல்லா கெடக்கு?"

"சாவி எனக்க கைல. டெய்லி ஷீட்டு காயப்போட உள்ள போறது யாரு? நானா?"

"ஒனக்க மருமவன் கிறிஸ்மஸுக்கு வந்தப்ப வண்டிக்க மேல ஏறி இருந்தான். அது ஞாபகம் இருக்கா?"

"அவனச் சொன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும், பாத்துக்க."

"பழகின கை எடுத்ததாக்கும். ஒரு கீறல் இல்ல பாரு," என்று ஜெபராஜ் சொன்னார். சொன்ன பிறகுதான் அது தன் மேலேயே விழும் என்று தெரிந்தது போல. வீட்டில் பழகின கை அவருடையதுதான்.

வேறு யாராவது கொட்டகைக்குள் வந்தார்களா என்று இருவரிடமும் கேட்டேன். இரண்டு பேரும் இல்லை என்றார்கள். வண்டியின் அடிச்சட்டத்தில் இன்னொரு எண் அடித்திருப்பார்கள், அதைப் பார்த்தால் வண்டி அசல்தானா என்று தெரிந்துவிடும் என்றேன். என் பேச்சை யாரும் கேட்கவில்லை. சட்டத்தில் விரல் கனத்துக்குக் கிரீஸ் இறுகிக் கிடந்தது. அதைச் சுரண்டி எடுக்கிற சூழ்நிலையும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

போனில் ஒரு குரல்

பஸ் மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறும்போது விவேக் அழைத்தார்.

"பார்த்தாச்சுங்களா மேடம்?"

"பார்த்தேன். முடிவு சொல்ல இன்னொரு தடவை போகணும்."

"எதுக்குங்க மேடம் உங்களுக்கு வீண் அலைச்சல்? தகட்டைப் பார்த்தாலே தெரிஞ்சிருக்குமே. பாப் ரிவெட் அடிச்ச தகடு எப்படிங்க அசலாகும்? டூப்புன்னு எழுதிக் கொடுத்துடுங்க. பாவம், பழைய இரும்பு விலைக்காவது நாங்க எடுத்துக்கறோம்."

ரிவெட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

சரி, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். இந்தப் பக்கமே வராதவருக்கு, போட்டோகூடப் பார்க்காதவருக்கு, ரிவெட் எப்படித் தெரியும்? யாரோ சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் யாரோ.

உண்மையைச் சொன்னால், அன்றைக்கு நானும் ஜெபராஜைத்தான் சந்தேகப்பட்டேன். அக்காவுக்குத் தெரியாமல் கோயம்புத்தூர்க்காரர்களோடு பேசி முடித்து, வண்டியைப் போலி என்று ஆக்கி அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு, அசல் விலையில் தன் பங்கைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். இன்சூரன்ஸில் இதைவிட மோசமான தம்பிகளைப் பார்த்திருக்கிறேன். அக்காக்களையும்தான்.

சில நாள் கழித்து லீலா போன் செய்தார்.

"அவன் போயிட்டான், ஸ்டெல்லா. கருங்கல் ஊருல ஒரு கூட்டுக்காரன் வீட்டுல போய்க் கெடக்கான். பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டான்."

"சண்டை போட்டீங்களா?"

"இல்ல. பேச்சே இல்ல. அதாக்கும் பொறுக்க முடியாம இருந்தது."

மறுநாள் காலையிலேயே போனேன். ஒரு பாட்டில் மண்ணெண்ணெயும் கம்பிப் பிரஷும் பையில் இருந்தன.

கிரீஸுக்கு அடியில்

முன் சக்கரத்துக்கு மேலே, சட்டத்தின் வெளிப்பக்கத்தில் கிரீஸைச் சுரண்டினேன். லீலா சேலையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து துணி எடுத்துக் கொடுத்தார். மண்ணெண்ணெய் ஊற்றித் துடைக்கத் துடைக்க முதலில் ஒரு மூன்று வந்தது. பிறகு ஒரு ஏழு. கையால் சுத்தியல் அடித்துப் பதித்த எண்கள். ஒன்று மேலே ஏறியும் ஒன்று சாய்ந்தும் நின்றன. சாக்பீஸைத் தேய்த்ததும் எல்லாம் வெள்ளையாக எழுந்து வந்தன. மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்றும் அப்படித்தான் எடுப்பார்கள்.

லீலா உள்ளே போய் வண்டியின் ஆர்.சி.யை எடுத்து வந்தார். அதில் இருந்த எண்ணும் சட்டத்து எண்ணும் ஒன்று. தகட்டில் இருந்தது மட்டும் வேறு.

"அப்ப வண்டி?"

"அசல். உங்க அப்பா ஓட்டின அதே வண்டி. தகடு மட்டும்தான் பொய்."

லீலா மட்கார்டில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

எனக்குள் கணக்கு தப்பியது. தகட்டைத் திருடி விற்க நினைப்பவன் அந்த இடத்தைச் சும்மா விட்டுவிட்டுப் போவான். மெனக்கெட்டு இன்னொன்று செய்து, பார்த்தவுடன் பொய் என்று தெரிகிற மாதிரி அடிக்க வேண்டியதில்லை. இது யாராவது வந்து பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுப் போலி என்று சொல்ல வேண்டும் என்பதற்காகவே செய்த வேலை. அந்த யாராவது நான்தான். என் கையெழுத்தை ஒருவன் கருவியாக எடுத்திருக்கிறான்.

இத்தனை பாடுபடுகிறவன் ஒரு வண்டிக்காக மட்டும் வந்திருக்க மாட்டான் என்று தோன்றியது. வண்டியின் படிக்கட்டுப் பலகையில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த மற்ற வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டேன்.

குலசேகரத்தில் எடுத்தவர், வண்டியை எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொல்லி என் வயிற்றில் அடித்தார். சுசீந்திரத்தில் யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது, தேங்காப்பட்டணம் மீரான் காக்கா. அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்பார்கள். கொப்பரை வியாபாரம் செய்தவர். அவர் வீட்டில் ஓர் அமெரிக்க வண்டி, என்ஜின் இல்லாமல், மற்றபடி முழுசாக நிற்கிறது.

"காக்கா, நம்ம வண்டிய பார்க்க யாராவது வந்தாங்களா?"

"வந்தானே மோளே! இந்தா, இப்ப வண்டி செட்டுக்குள்ளதான் நிக்கான். பழைய வண்டியளப் பத்தி டாக்குமெண்டரி எடுக்கானாம். நல்ல பிள்ள. வாசல்லயே செருப்பக் கழட்டிட்டு, சலாம் சொல்லிட்டுதான் உள்ள வந்தான்."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். லீலாவின் முகம் மாறியது.

"டாக்குமெண்டரியா? இங்கயும் ஒரு பையன் வந்தானே, ஸ்டெல்லா. மழைக்கு முன்ன, தம்பி வீட்டுல இல்லாதப்ப. சாயா எடுக்க நான் உள்ள போனேன், அவன் தனியாத்தான் நின்னான்."

"யாரும் வரலன்னு சொன்னீங்களே?"

"அவனப் போயி எப்படி? கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டுதான் சாயாவையே குடிச்சான்!"

நான் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். "காக்கா, செட்டுக் கதவ வெளியில இருந்து பூட்டுங்க. நாங்க வாறோம்."

"வீட்டுக்கு வந்தவனப் பூட்டவா?" காக்கா குரலில் உண்மையான அதிர்ச்சி. "அது என்னக்கொண்டு முடியாது. நீ வா. அவன் போவாம நான் பாத்துக்கிடுதேன்."

மீரான் காக்கா வீட்டுச் சோறு

ஆட்டோ பிடித்தோம். ஒரு வளைவில் லீலா, "நான் அவனுக்குப் பலாப்பழம்கூடக் குடுத்து விட்டேன்," என்றார்.

வாசலில் வெள்ளை நிற வாடகைக் கார் நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள், நெற்றி முழுக்க வியர்வை. முன்னால் சோறு, மீன் கறி, பொரித்த சாளை, ஒரு தட்டில் அரிசிப் பத்திரி. காக்கா பக்கத்தில் நின்று இன்னும் ஒரு கரண்டி வைத்துக்கொண்டிருந்தார்.

"போதும் ஐயா, லேட்டாகுது."

"எங்க வீட்டுல கைய நனச்சவன் பாதியில எழும்பப்பிடாது. தின்னு மோனே."

எனக்கு முகம் தெரியாது. குரல் மட்டும்தான் தெரியும். வாசலில் நின்றபடியே விவேக்கின் எண்ணை அழுத்தினேன்.

சட்டைப் பையில் போன் அடித்தது. வலது கை முழுக்கக் கறி. இடது கையால் எடுத்துத் திரையைப் பார்த்தான். என் பெயரைப் பார்த்திருக்க வேண்டும். நிமிர்ந்தான். வாசலில் காதில் போனோடு நான். எனக்குப் பின்னால் லீலா.

"இவனாக்கும்," என்றார் லீலா. சத்தம் போடவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியின் பெயரைச் சரிபார்ப்பது போலச் சொன்னார். "இவன்தான் எங்க வீட்டுக்கு வந்தது."

"சாப்பிட உக்காந்ததும் பிஸ்மி சொன்னானே," என்றார் காக்கா.

"எங்க வீட்டுல ஜெபம் பண்ணினான்."

காக்கா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார். நாற்காலிக்குக் கீழே இருந்த கேமராப் பையைக் காலால் மெல்லத் தன் பக்கம் நகர்த்தினார். "பையத் தொறக்கியா, நான் தொறக்கட்டா?"

அவன் திறக்கவில்லை. காக்கா திறந்தார். கேமரா இருந்தது. அதற்கு அடியில் ரிவெட் அடிக்கிற துப்பாக்கி, ஸ்க்ரூ டிரைவர்கள், பளபளவென்று இன்னும் எண் பொறிக்காத இரண்டு பித்தளைத் துண்டுகள். காக்காவின் வண்டித் தகடு, கழற்றிய சூடு ஆறாமல், ஒரு கைக்குட்டையில் சுற்றி. இன்னொன்று ஒரு பழைய காலுறைக்குள் இருந்தது. லீலா அதை வாங்கிப் பார்த்தார். சட்டத்தில் நாங்கள் துடைத்து எடுத்த அதே எண்.

"நான் திருடல மேடம்," என்றான் என்னைப் பார்த்து. "மாத்தித்தான் வச்சேன். வண்டி கைக்கு வந்ததும் திரும்ப அதே வண்டியிலதான் மாட்டப் போறேன்."

இதைவிட நேர்மையாக யாரும் என்னிடம் ஒரு மோசடியை விளக்கியதில்லை.

காக்காவின் மகன் போலீஸுக்குச் சொன்னார். அவர்கள் வரும்வரை அவன் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தான். காக்கா அவனுக்குக் குடிக்க மோர் கொண்டுவந்து வைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, "பாதி சாப்பாட்டுலல்லா மோளே இருக்கான்," என்றார்.

வழக்கு நடக்கிறது. அவன் சொன்ன முதலாளி உண்டா, அவனே முதலாளியா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. முதலாளி இல்லை என்பதுதான் என் சந்தேகம்.

பெட்டியும் அலமாரியும்

தகடுகளைப் போலீஸ் எடுத்துக்கொண்டது. கோர்ட்டில் மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். லீலா தன் போனில் ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டார். அங்கிருந்தே நேராகக் கருங்கல்லுக்கு ஆட்டோவை விடச் சொன்னார். என்னை இறக்கிவிடவும் இல்லை, கூட வா என்று கேட்கவும் இல்லை.

ஜெபராஜ் அந்த நண்பர் வீட்டு முற்றத்தில் ஒரு பைக்கின் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். லீலா போனை நீட்டினார். நடந்ததை நான் சொன்னேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"கிடைச்சுதுல்லா. நல்லது."

"வீட்டுக்கு வா."

"தகடு கிடைச்சுது அக்கா. ஆனா நீ எனக்க பெட்டியத் தொறந்து பாத்தல்லா? அது கிடைச்சதுனால மாறுமா?"

லீலாவின் கழுத்து சிவந்தது. நான் பைக்கைப் பார்த்துக்கொண்டேன்.

"எப்படித் தெரியும்?"

"சட்டைய மடக்கி வச்சிருந்த. நான் என்னைக்கு மடக்கி வச்சேன்?"

பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தேன்லே," என்றார் லீலா. "அடியில இருந்த பாஸ்போர்ட்டுக்க பிளாஸ்டிக் கவர் வரைக்கும் பாத்தேன். நீ பாக்கலியா? எனக்க அலமாரில, அம்மைக்க பழைய சட்டைகளுக்கு உள்ள கை விட்டது யாரு?"

ஜெபராஜ் எண்ணெய்க் கையை லுங்கியில் துடைத்தார்.

"நாப்தலின் உருண்டை ஒண்ணு உருண்டு கட்டிலுக்குக் கீழ கெடந்துது," என்றார் லீலா. "எடுத்துத் திரும்ப வச்சேன். சொல்லல."

முதலில் சிரித்தது யார் என்று எனக்கு நினைவில்லை. சந்தோஷச் சிரிப்பு இல்லை அது. இரண்டு பேரும் ஒரே தப்பில் பிடிபட்டவர்கள் சிரிக்கிற சிரிப்பு. நடுவில் லீலாவுக்கு இருமல் வந்தது. ஜெபராஜ் உள்ளே போய்த் தண்ணீர் எடுத்து வந்தார்.

அன்றைக்கு அவர் வரவில்லை. நாங்கள் மட்டும் திரும்பினோம். அந்த வாரம் முடிவதற்குள் பெட்டியோடு வந்து சேர்ந்தார் என்று லீலா போனில் சொன்னார். "ஷீட்டு எல்லாம் பூசணம் பூத்துப் போச்சுன்னு சண்டை போடுதான்," என்றார். குரலில் புகார் இருந்தது போலத் தெரியவில்லை.

பித்தளைத் திருகு

போன மாதம் தகடு கைக்கு வந்தது. பாப் ரிவெட் வேண்டாம், பழைய மாதிரியே பித்தளைத் திருகு போட்டு மாட்டித் தர வேண்டும் என்று கேட்டார்கள். போனேன்.

ஜெபராஜ் பானட்டைத் தூக்கிப் பிடித்தார். லீலா டார்ச் பிடித்தார். தகட்டை வைத்ததும் அந்தப் பச்சைக் கோடு மறைந்தது. நான்கு திருகுகளையும் முறுக்கினேன். வெளியே வந்து கை கழுவினேன்.

வண்டியை விற்கப் போகிறீர்களா என்று கேட்டேன். கேட்டு நிறையப் பேர் வருகிறார்களாம். ஒருவன் மிகவும் மரியாதையாகப் பேசினானாம், அதனாலேயே வாசலோடு அனுப்பிவிட்டார்களாம். இன்னொருவன் விலையை அதிகமாகச் சொன்னானாம், அவனையும் நம்பவில்லையாம். அக்கா சந்தேகப்படுகிறவனைத் தம்பி விசாரிக்கிறார். தம்பி விசாரித்தவனை அக்கா இன்னொரு முறை விசாரிக்கிறார். இருவருக்கும் அதில் நன்றாகப் பொழுது போகிறது.

இலையப்பமும் சாயாவும் வந்தன. சாப்பிட்டு முடித்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். பின்னால் இருவரும் ஏதோ மெல்லப் பேசிக்கொண்டார்கள். ஜெபராஜ் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். சொல்ல வெட்கப்பட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா தலையை ஆட்டினார்.

"மேடம், தப்பா நெனச்சுக்கிடப்பிடாது. போறதுக்கு முன்ன, அந்தப் பைய ஒண்ணு தொறந்து காட்டிட்டுப் போறியளா?"

பையைப் படியில் வைத்து, ஜிப்பை முழுசாக இழுத்துத் திறந்தேன். இருவரும் ஒன்றாகக் குனிந்து, தலையோடு தலை இடிக்க, உள்ளே பார்த்தார்கள்.